“எந்த டாக்டரைப் பாக்கணும்?”: மருத்துவமனை வாசலில் 53 நிமிடங்கள்

ஜவுளிக்கடை வாசலில் ஒன்பது வருடம் நின்றவள் நான். “வாங்கக்கா, வாங்கண்ணே, என்ன பாக்குறீங்க? பட்டா, காட்டனா?” என்று கேட்க வேண்டும். சொல்வதைக் கேட்டு முதல் மாடிக்கோ இரண்டாம் மாடிக்கோ ஆளை அனுப்ப வேண்டும். அங்கிருந்து காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வரவேற்பு வேலைக்கு வந்தபோது கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். “வாங்க, எந்த டாக்டரைப் பாக்கணும்?” ஆறு வருடம் இதைத்தான் கேட்டேன். யாரும் குறை சொன்னதில்லை. எனக்கும் அதில் குறை தெரிந்ததில்லை.

மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அந்தக் கேள்வியால் ஓர் ஆச்சிக்கு 53 நிமிடம் வீணானது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக் கிடக்க, வயிற்று டாக்டருக்கான டோக்கனைக் கையில் பிடித்தபடி அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் போட வைத்தவள் நான். அதனால் இதை எழுதவேண்டியவளும் நான்தான் என்று நினைக்கிறேன். ஆச்சியிடமும் அவர் மகனிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர், வயது போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

வாசலுக்கு வருகிறவர்கள்

காரைக்குடியில் மருத்துவமனை நடத்தினால் நோயாளிகள் காரைக்குடிக்காரர்களாக மட்டும் இருக்கமாட்டார்கள். தேவகோட்டை, புதுவயல், கல்லல், திருப்பத்தூர், அந்தப் பக்கம் திருமயம், பொன்னமராவதி என்று எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள். சிவகங்கை மாவட்டம், புதுக்கோட்டை மாவட்டம் என்று வரைபடத்தில் கோடு இருக்கிறது. மேலுக்கு முடியாமல் பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்தக் கோடு தெரிவதில்லை. பெரிய சிகிச்சை என்றால் மதுரை அல்லது திருச்சி. இரண்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எங்கள் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்யும் வசதி இல்லை. சில சிறப்பு மருத்துவர்கள் வாரத்தில் ஒருநாள் மதுரையிலிருந்து வந்து பார்க்கிறார்கள். வயிற்று டாக்டருக்குத் திங்கட்கிழமை. கார் வழியில் எங்காவது தாமதமானால் கூடம் நிரம்பிவிடும்.

செட்டிநாட்டில் இன்று 70க்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகள் அந்த ஊர்களில் வரிசையாக நிற்கின்றன. பல வீடுகளில் இப்போது இருப்பது ஒரு வயதானவர், அல்லது வயதான இருவர். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். கூடமாட ஒத்தாசைக்கு ஒரு வேலைக்கார அம்மா. மருத்துவமனைக்கு வரும்போதும் இந்த இருவர்தான் வருகிறார்கள். வாடகைக் காரிலிருந்து ஆச்சி முதலில் இறங்குவார். பின்னால் ஃபைலும் தண்ணீர்ப் பாட்டிலும் தூக்கிக்கொண்டு அந்த அம்மா. வெளியூரில் இருக்கும் மகன் போனிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருப்பார். எந்த டாக்டர் என்பதையும் அவரே முடிவு செய்திருப்பார். இந்த ஏற்பாட்டில் நோயாளியை ராத்திரி பூராவும் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான்: ஃபைல் தூக்கி வருகிறவர். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இங்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், முகப்பில் இருக்கிறவர் “வாங்க” என்பார், வளவில் இருக்கிறவர் “வாங்க” என்பார், அடுப்படியிலிருந்து எட்டிப்பார்க்கிறவரும் “வாங்க” என்பார். ஒருவர் விட்டுவிட்டால் “வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல” என்று பத்து வருடத்துக்குப் பேச்சு இருக்கும். அதனால்தான் மருத்துவமனையில் என்னை வாசலில் நிறுத்தினார்கள். எனக்கு வாங்கன்னு கேட்கத் தெரியும். வந்தவுடன் தண்ணீர் கொடுக்கத் தெரியும். யாரை ஆச்சி என்பது, யாரை அப்பத்தா என்பது, யாரை அத்தா என்பது என்று முகத்தைப் பார்த்தே தெரியும். மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அன்று காலையும் மரியாதையில் குறை இல்லை.

திங்கட்கிழமை

மணி 8.40. கார் வந்து நின்றது. 68 வயதுள்ள ஆச்சி தானே கதவைத் திறந்து இறங்கினார், தானே படியேறினார். முகத்தில் திருநீறு, கையில் பர்ஸ். பின்னால் வேலைக்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும். நான் “வாங்க ஆச்சி, வாங்கக்கா” என்றேன். “எந்த டாக்டரைப் பாக்கணும் ஆச்சி?”

“வயித்து டாக்டர் ஆத்தா. தம்பி போன்ல சொல்லி வச்சிருக்கான்.”

பட்டியலைப் பார்த்தேன். பெயர் இருந்தது, நேரம் 10 மணி. “ராத்திரியிலேருந்து...” என்று அந்த அக்கா ஆரம்பித்தார். ஆச்சி திரும்பிப் பார்த்தார். “ஒண்ணுமில்ல, வாயு. பலகாரம் ஒத்துக்கல.” அக்கா நிறுத்திக்கொண்டார். நான் டோக்கன் போடச் சொல்லி இருவரையும் உட்காரவைத்தேன். டோக்கன் எண் 7.

8.50. ஆச்சி தண்ணீர் கேட்டார். வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “ஓங்கரிக்குது ஆத்தா, போதும்” என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வயிற்றுக் கோளாறு என்று வந்தவருக்கு ஓங்கரிப்பது எனக்கு விசேஷமாகப் படவில்லை.

9.10. அக்கா எழுந்து என்னிடம் வந்தார். “டாக்டர் எப்பம்மா வருவாரு?”

“பத்து மணிக்கு வந்துருவாருக்கா. ஆச்சி ஏழாவது. சீக்கிரம் ஆயிரும்.”

அவர் நின்றார். ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. அதற்குள் ஒரு ஆட்டோ வந்தது. கால் கட்டோடு ஒருவர் இறங்கினார். நான் சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா தன் இடத்துக்குப் போயிருந்தார்.

9.27. எங்கள் செக்யூரிட்டி அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துக்குள் தண்ணீர் பிடிக்கப் போனவர் வெறும் பாட்டிலோடு திரும்பி வந்தார். “ஏம்மா, அந்த ஆச்சிக்கு முந்தானையால விசிறிக்கிட்டு இருக்காங்க. ஏசி ஓடுது. ரவிக்கை பூராம் நனைஞ்சிருக்கு.”

போய்ப் பார்த்தேன். நெற்றித் திருநீறு கரைந்து வழிந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது. ஒரு கை மேல்வயிற்றில், ஒரு கை தாடையில். பக்கத்து நாற்காலிப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சுவலிக்காக எழுதிக்கொடுத்தது, நாக்குக்கு அடியில் வைப்பது. “வேணாங்கய்யா, டாக்டர் பாக்கட்டும்” என்று தடுத்தேன். அது மட்டும் அன்று நான் சரியாகச் செய்த காரியம். சில வகை மாரடைப்பில் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிடும் என்று டியூட்டி டாக்டர் பிறகு விளக்கினார். ஆச்சிக்கு வந்திருந்தது அந்த வகைதான்.

9.29க்கு அவசர சிகிச்சை அறை. 9.33க்கு இ.சி.ஜி. கையில் வந்தது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. சர்க்கரை நோய் பதினைந்து வருடமாக இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பின் எல்லாம் வேகம். கடித்து விழுங்க ஆஸ்பிரின். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று பார்க்க, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, பக்கவாதம் வந்ததுண்டா, எங்காவது ரத்தக்கசிவு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். சிங்கப்பூரில் மகனுக்குப் போன் போட்டோம். அங்கே மணி 12 தாண்டியிருந்தது, அவர் எடுக்கவில்லை. டியூட்டி டாக்டர் காத்திருக்கவில்லை. ஆச்சிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, அவர் உடம்புக்கு அவரே கையெழுத்துப் போடுவார் என்றார். ஆச்சி விவரத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். ஊசி போட்டு, நிலை கொஞ்சம் சீரானதும் ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம். மறுநாள் அங்கே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் போனபின் பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். டிரைவரோடு முன்சீட்டில் ஒருவர்தான் போகலாம் என்றதும், ஆச்சியின் தெருவிலிருந்து ஓடி வந்த உறவுக்காரர் ஏறிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருந்தாகம்மா. மாசிப் பனியில வேர்த்துக் கொட்டுச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வேர்த்துச்சு. வாயுன்னுதான் நாங்களும் சோடா வாங்கிக் குடுத்தோம்.”

வாசலில் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் 8.41க்கு இது எனக்குத் தெரிந்திருக்கும்.

எங்கே தவறினேன்

நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. எங்கள் மருத்துவமனையிலும் அந்த விதி சுவரில் ஒட்டியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த எவரையும் நான் நிறுத்தியதில்லை. சிக்கல் என்னவென்றால், ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் நரம்புகள் மரத்துப்போய், மாரடைப்பிலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி நேர்வது அதிகம். வலிக்குப் பதிலாக வேர்வை, மூச்சு வாங்கல், ஓங்கரிப்பு, மேல்வயிற்றில் எரிச்சல், தாடையிலோ முதுகிலோ கையிலோ ஓர் இழுப்பு, தாங்க முடியாத அசதி. கீழ்ச்சுவர் மாரடைப்பில் வயிற்றுக் கோளாறு போலவே தோன்றுவது சகஜம். இதையெல்லாம் நான் பிறகு கற்றுக்கொண்டேன். டாக்டராக வேண்டும் என்று யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்வி ஆச்சியை டாக்டராக்கிவிட்டது. எந்த டாக்டர் என்று கேட்டால், தனக்கு எந்த உறுப்பில் நோய் என்று நோயாளி முதலில் முடிவுசெய்தாக வேண்டும். ஜவுளிக்கடையில் அது நியாயம். தனக்குப் பட்டு வேண்டுமா பருத்தி வேண்டுமா என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். மூன்று மணிக்கு வேர்த்து எழுந்து உட்கார்ந்த ஆச்சிக்கு அது வயிறா இதயமா என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது, பட்டியல். ஆச்சி சொன்னதும் பட்டியலில் இருந்ததும் ஒத்துப்போயின. ஒத்துப்போனதும் என் மனம் நிம்மதியாகிவிட்டது. பட்டியலில் இருந்தது மகனின் யூகம். மகனுக்கு அதைச் சொன்னது ஆச்சி. ஒரே யூகத்தை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு, சரிபார்த்தாயிற்று என்று நான் நம்பியிருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் உறுத்துவது. அந்த அக்கா இரண்டு முறை வாயெடுத்தார். முதல் முறை ஆச்சி மறித்தார், நான் ஆச்சியின் பக்கம் நின்றேன். பெரியவர் பேசும்போது இடையில் பேசுகிறவரை ஊக்கப்படுத்தக்கூடாது என்பது நாங்கள் வளர்ந்த விதம். இரண்டாம் முறை அவர் என்னிடமே நடந்து வந்து, “டாக்டர் எப்ப வருவாரு” என்று கேட்டார். நேரம் கேட்டதாக எடுத்துக்கொண்டு நேரம் சொன்னேன். நம் ஊர்ப் பெண்கள், அதிலும் சம்பளத்துக்கு இருக்கும் பெண்கள், “எனக்குப் பயமாக இருக்கிறது, உடனே பாருங்கள்” என்று நேராகச் சொல்வதில்லை. “எப்ப வருவாரு” என்பார்கள். “இன்னும் நேரமாகுமா” என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சு தெரியாததல்ல. எங்கள் அம்மாவும் இப்படித்தான் பேசுவார்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இருந்ததே இல்லை. ஆச்சிக்கு அந்த இரண்டு மடக்கால் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசை வேலை செய்யாமல் இருக்கலாம். கொடுத்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். மயங்கிச் சரிகிறவருக்கும் அப்படித்தான். வெறும் வயிற்றில் வரச்சொல்லியிருக்கும் எண்டோஸ்கோபி நோயாளி ஒரு தம்ளர் குடித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோதனை தள்ளிப்போகும். ஸ்கேனுக்கு வந்த வேறொருவருக்கோ நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது நான் தம்ளரை எடுப்பதற்கு முன் சிஸ்டரைக் கேட்கிறேன். கேட்டவுடன் தண்ணீர் கொடுக்காத வாசலில் நிற்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நாற்காலிகள் எல்லாம் டி.வி.யைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. அதாவது எனக்கு முதுகைக் காட்டி. வாசலில் நின்ற எனக்கு 47 நிமிடமும் ஆச்சியின் கொண்டைதான் தெரிந்தது.

அந்த நேரத்தால் ஆச்சியின் இதயத்துக்கு எவ்வளவு சேதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடைப்பு விழுந்தது ராத்திரி 3 மணி வாக்கில். எங்களிடம் வருமுன்பே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. கட்டைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரம் வரை போடலாம், ஆனால் அதன் பலன் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும், முதல் சில மணி நேரம்தான் பொன்னானது என்றும் சொன்னார். ஆச்சி வீட்டில் கழிந்த நேரத்துக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் கூடத்தில் கழிந்த நேரம் என்னுடையது.

மாற்றியவை

அந்த வாரமே கூட்டம் போட்டுப் பேசினோம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் நிமிட வாரியாகப் பேசியதால்தான் அந்த அக்கா 9.10க்கு என்னிடம் வந்ததை நான் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. அதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் கேள்வி மாறியது. இப்போது நான் கேட்பது “வாங்க, என்ன செய்யுது?” நம் வீட்டில் காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற அதே கேள்வி. இதற்குப் பதிலாக ஒரு உறுப்பின் பெயரோ டாக்டரின் பெயரோ வருவதில்லை. உடம்பில் நடப்பது வருகிறது. “நெஞ்சைக் கரிக்குது.” “கிறுகிறுன்னு வருது.” “மூச்சு முட்டுது.” “ஒரு கை விளங்கல.” அடுத்து “எப்பலேருந்து?” மூன்றாவது, கூட வந்தவரைப் பார்த்து, “நீங்க என்ன பாத்தீங்க?” இந்த மூன்றாவதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டது நான்.

எங்கள் டியூட்டி டாக்டர் உட்கார்ந்து ஒரு சொல்பட்டியல் போட்டுக்கொடுத்தார். புத்தகச் சொல் எதுவும் அதில் இல்லை. வாசலில் நான் காதால் கேட்கிற சொற்களையே என்னிடம் கேட்டு எழுதினார். நாற்பது வயதுக்கு மேல், அல்லது சர்க்கரை இருந்து, “வாயு”, “நெஞ்சைக் கரிக்குது”, “ஓங்கரிப்பு”, “வேர்த்துக் கொட்டுது” என்ற நான்கில் எது வந்தாலும் டோக்கன் கிடையாது, பில் கிடையாது, நேரே இ.சி.ஜி. பில் பின்னால். “வாய் கோணுது”, “பேச்சுக் குழறுது”, “ஒரு பக்கம் இழுக்குது” என்றால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே. பக்கவாதத்தில் கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அந்தக் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் மாஸ்க் கொடுத்து ஜன்னலோரம். “ஆத்தா வந்திருக்கா” என்று யாராவது மெதுவாகச் சொன்னால் அம்மை என்று அர்த்தம். வெளித் திண்ணையிலேயே உட்காரவைத்து டாக்டரை வரச் சொல்வோம், உள்ளே பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் இருப்பார்கள்.

நாற்காலிகளை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டோம். டி.வி. பக்கவாட்டுக்குப் போனது. கால் மணிக்கு ஒரு தடவை நான் கூடத்துக்குள் ஒரு சுற்று நடக்க வேண்டும். செக்யூரிட்டி அண்ணனுக்கும், கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும், எவரையும் நேரே அவசர சிகிச்சை அறைக்குக் கூட்டிப்போக அதிகாரம் உண்டு என்று எழுத்தில் கொடுத்தார்கள். பத்துப் பேரை வீணாக அனுப்பினாலும் திட்டு கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொன்னபடி நடந்துகொள்கிறார்.

பணத்தைப் பற்றிய கேள்விகளையும் பின்னுக்குத் தள்ளினோம். வாசலில் பாதிப்பேர் நோயைச் சொல்வதற்கு முன்னால் “கார்டு எடுப்பீங்களாம்மா?” என்றுதான் கேட்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்த நம்பிக்கையில் வருகிறவர்களைக் காப்பீட்டு மேசைக்கு அனுப்பினால் அங்கே அரைமணி போய்விடும். இப்போது மேசைக்குப் போவது கூட வந்தவர். நோயாளி முதலில் சிஸ்டரிடம். விபத்து என்றால் இன்னும் கண்டிப்பு. போலீஸ், கேஸ் என்று எதையும் வாசலில் பேசக்கூடாது. உயிரைக் காப்பாற்றும் சிகிச்சைக்குச் சட்ட நடைமுறை தடையாகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையும் தேவையில்லை.

மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க விரதமிருந்த ஒரு பெண்ணைத் தங்கச்சி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். “கண்ணு டாக்டர் இருக்காரா?” என்றுதான் கேட்டார்கள். “என்ன செய்யுது?” என்றேன். “கண்ணு மங்குது, கை நடுங்குது.” தங்கச்சியைப் பார்த்தேன். “காலையில சுகர் மாத்திரை போட்டுச்சுக்கா, ஒண்ணுமே சாப்பிடல.” உள்ளே கொண்டுபோய் விரலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலே குறைவு, அவருக்கு 46. குளுக்கோஸ் கொடுத்துக் கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். பழைய கேள்வியாக இருந்திருந்தால் கண் டாக்டருக்கு டோக்கன் போட்டுக்கொடுத்து, வரிசையில் உட்காரச் சொல்லியிருப்பேன்.

இன்னும் இடிப்பவை

பழைய கேள்வியில் ஒரு நன்மை இருந்தது. அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். “லேடி டாக்டர்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒரு பெண் உள்ளே போய்விடலாம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். பத்துப் பேர் பார்க்க வாசலில் வைத்து “என்ன செய்யுது?” என்று கேட்டால், வெள்ளைப்படுகிறது என்றோ நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றோ எந்தப் பெண் சொல்வாள்? முதல் வாரத்தில் ஒரு சின்னப் பெண் பதில் சொல்லாமல் மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண்ணை நான் மறக்கமாட்டேன். இப்போது லேடி டாக்டரைக் கேட்கிறவர்களிடம் வாசலில் எதுவும் கேட்பதில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம், அங்கே கூட்டிப்போய், கூட வந்தவரைச் சீட்டுப் போட அனுப்பிவிட்டு, “உதிரப்போக்கு இருக்கா? வலி இருக்கா?” என்று காதோடு இரண்டே கேள்வி. கூட்டமான நாளில் இதற்கு என் ஒருத்தியால் முடிவதில்லை. இன்னொரு ஆள் கேட்டிருக்கிறேன்.

வரிசையில் இருப்பவர்களின் கோபம் இன்னொன்று. “நாங்க ஏழு மணிக்கே வந்துட்டோம், பின்னாடி வந்தவரு முன்னாடி போறாரு, தெரிஞ்சவங்களா?” என்பார்கள். சிபாரிசு நடக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அவசரம் கண்டவரை முதலில் பார்க்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தைப் பிரிப்பதைப் பார்த்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். மற்றவர்களுக்குப் புரியவைக்க என்னிடம் இருப்பது குரல் மட்டும்தான்.

ஆண்கள் சிலர் என்னிடம் உடம்பைப் பற்றிச் சொல்வதில்லை. “நீங்க டாக்டரா?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவர்களிடம் செக்யூரிட்டி அண்ணன் பேசுகிறார். மீசைக்காரர்கள் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்.

ஆச்சி வந்தது

பங்குனிக் கடைசியில் அந்த ஆச்சி எங்கள் பொது மருத்துவரைப் பார்க்க வந்தார். மெலிந்திருந்தார். படியேற வேண்டாம் என்று சாய்தளப் பக்கம் கூட்டி வந்தேன். இதயத்தின் பலம் முன்போல இல்லை, மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அக்கா அதே ஃபைலோடு இரண்டடி பின்னால் வந்தார்.

“வாங்க ஆச்சி, வாங்கக்கா. என்ன செய்யுது ஆச்சி?”

“ஒண்ணுமில்ல ஆத்தா, நல்லாத்தான் இருக்கேன்.”

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் வழக்கம் போல ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

“என்னைய ஏன் பாக்குற? கேக்குறாங்கல்ல, சொல்லு” என்றார்.

அக்கா ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டு, மூச்சு முட்டாமல் இருக்க முந்தாநாள் ராத்திரி ஆச்சி எத்தனை தலையணை வைத்துப் படுத்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.